என்விடியாவா, ஏஎம்டியா? கார்டு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

போன மாதம் அக்கா பையன் போன் பண்ணினான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "மாமா, கேமிங்குக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறேன். என்விடியா எடுக்கவா, ஏஎம்டி எடுக்கவா? நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு, ஆஃபர் இன்னைக்கு முடியுது" என்றான்.

நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "உன் மானிட்டர் என்னடா?" அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அன்னைக்கு அரை மணி நேரம் பேசினதுல பிராண்ட் சண்டை ஓரமாப் போயிடுச்சு. அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்றேன்.

போட்டியில் மூன்று பேர்

நடுத்தர பட்ஜெட்டில் பெரும்பாலும் இந்த மூன்றுக்கு நடுவில்தான் குழப்பம். மூன்றுமே 2025-ல் வந்தவை.

• ஆர்டிஎக்ஸ் 5060: 8 ஜிபி மெமரி, அறிமுக விலை 299 டாலர்
• ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி: 16 ஜிபி, 349 டாலர்
• ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ: 16 ஜிபி, 429 டாலர்

முதலாவதும் மூன்றாவதும் என்விடியா, நடுவில் இருப்பது ஏஎம்டி. இவை வரி சேர்க்காத அமெரிக்க விலைகள். நம்ம ஊரில் 18% ஜிஎஸ்டி, இறக்குமதிச் செலவு, கடைக்காரர் லாபம் எல்லாம் சேரும். 2025 கடைசியில் மெமரி சிப் விலை வேறு ஏற ஆரம்பித்தது. அதனால் இன்றைய விலையைக் கடையில் கேட்டு, அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

8 ஜிபி போதுமா?

அடுப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சமையல் மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும் இல்லையா? கார்டில் இருக்கும் மெமரிதான் அந்த மேடை. அது நிரம்பிவிட்டால் கேம் கம்ப்யூட்டரின் ராமில் போய் எடுத்து வரும். அப்போதுதான் படம் திக்கித் திக்கி ஓடுகிறது.

2023-ல் பிசிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1', 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' மாதிரி கேம்களில் செட்டிங்கை உயர்த்தினால் 8 ஜிபி கார்டுகள் திணறுவதைப் பார்த்தோம். ராம் பத்தலைன்னா இன்னொரு ஸ்டிக் வாங்கிச் சொருகலாம். கிராபிக்ஸ் கார்டு மெமரியை அப்படிக் கூட்ட முடியாது, கார்டையே மாத்தணும்.

பழைய போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். 5060, 5060 டிஐ இரண்டும் மதர்போர்டோடு பேச எட்டு லேன் மட்டும்தான் பயன்படுத்தும். 9060 எக்ஸ்டி பதினாறு லேன். உங்கள் போர்டு பிசிஐஇ 3.0 என்றால், மெமரி நிரம்பிய நேரத்தில் 8 ஜிபி என்விடியா கார்டுக்கு அடி இன்னும் பலமாக விழும்.

ஒரு எச்சரிக்கை: 9060 எக்ஸ்டி, 5060 டிஐ இரண்டுமே 8 ஜிபியிலும் வருகின்றன, பெயர் மாறாமல். "ஆஹா, விலை கம்மியா இருக்கே" என்று பட்டனைத் தட்டும் முன் பெட்டியில் எத்தனை ஜிபி என்று படியுங்கள்.

என்விடியா பக்கம் நியாயம் இல்லையா?

நிறையவே இருக்கு. ரே டிரேசிங் போட்டு ஆடினால் என்விடியா கை ஓங்கும். படத்தைக் கூர்மையாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதி ஏராளமான கேம்களில் இருக்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 தரத்தில் நன்றாக நெருங்கி வந்துவிட்டது, ஆனால் அதை ஏற்கும் கேம்கள் குறைவு. ரே டிரேசிங் இல்லாமல் ஆடினால் இரண்டு 16 ஜிபி கார்டுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 5060 டிஐ கொஞ்சம் முன்னால் நிற்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம், வேலை. பிளெண்டரில் 3டி செய்பவர், ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பவர் என்றால் யோசிக்காமல் என்விடியா எடுங்கள். அந்தத் துறை மென்பொருள்கள் பல வருடமாக என்விடியாவின் குடாவை நம்பியே எழுதப்பட்டவை. அந்தக் கார்டு உங்களுக்குச் சம்பாதித்தும் தரும். ஜிஎஸ்டி பதிவு உள்ள ஃப்ரீலான்சர் தொழிலுக்காக வாங்கினால், கட்டிய 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டாக எடுக்கவும் வழி இருக்கு. உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

"கரண்ட் பில் எகிறுமே?"

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. 5060-க்கு 145 வாட், 9060 எக்ஸ்டிக்கு சுமார் 160, 5060 டிஐக்கு 180. அதிகபட்ச வித்தியாசம் 35 வாட். தினமும் மூன்று மணி நேரம் ஆடினால் வருடத்துக்கு 38 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் ஏறக்குறைய 300 ரூபாய்தான். இதை வைத்து முடிவெடுக்காதீங்க.

வருடக் கணக்கு போடுங்க

கார்டு விலையை, அதை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 8 ஜிபி கார்டு 33,000, 16 ஜிபி கார்டு 39,000 என்று வைத்துக்கொள்வோம்.

புதுப் புதுப் பெரிய கேம்கள் ஆடுபவர் 8 ஜிபியை மூன்று வருடத்தில் மாற்றினால், வருடத்துக்கு 11,000. 16 ஜிபியை ஐந்து வருடம் ஓட்டினால் 7,800. அதிக விலைக் கார்டுதான் லாபம்.

வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் மட்டும் ஆடுபவருக்கு 8 ஜிபியே ஐந்து வருடம் வரும். அவருக்கு வருடத்துக்கு 6,600. கூடுதலாகக் கொடுக்கும் 6,000 ரூபாய் அவருக்கு வீண். ஒரே கார்டு, ஆள் மாறினால் கணக்கும் மாறுது பாருங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ சும்மா வருமா?

40,000 ரூபாய் கார்டை ஆறு மாத இஎம்ஐயில், 15% வட்டியில் எடுக்கிறீர்கள் என்று வைப்போம். வட்டி சுமார் 1,700 ரூபாய். அதைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த வட்டி மேல் வரும் 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில், சுமார் 300 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 200, அதற்கும் ஜிஎஸ்டி. மொத்தம் 550 ரூபாய்க்குப் பக்கம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் போச்சு. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் பேரம் பேசத் தெரிந்தவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை, ஆறு மாதத்துக்கு மாதம் 6,667 ரூபாய் கட்டியே ஆகணும். கையில் மூன்று மாதச் செலவுக்கான பணம் தனியாக இல்லாதவர், கேம் ஆடுவதற்காக இந்தக் கட்டாயத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

சுருக்கமா சொன்னா

• போட்டி கேம்கள் மட்டும், 1080பி மானிட்டர்: 5060 போதும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.
• பெரிய கேம்கள், நீண்ட நாள் ஓட்டணும்: 9060 எக்ஸ்டி 16 ஜிபி.
• கேமோடு வேலையும் உண்டு: 5060 டிஐ 16 ஜிபி.
• எதை வாங்கினாலும் வாரண்டி எத்தனை வருடம், இந்தியாவில் செல்லுமா என்று கேட்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, அக்கா பையன் என்ன ஆனான்? அவனிடம் இருந்தது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஆடுவது முக்கால்வாசி வாலரண்ட். சேமிப்பு எவ்வளவு என்று கேட்டதும் போனில் சத்தமே இல்லை. இஎம்ஐக்குக் கட்ட நினைத்த அதே 6,667 ரூபாயை மாதா மாதம் தனிக் கணக்கில் போடச் சொன்னேன். முதல் மாதம் போட்டுவிட்டான். கார்டு இன்னும் வாங்கவில்லை. ஆனால் தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் விலை மட்டும் அனுப்பிக்கிட்டே இருக்கான்.