கூறுநிலைச் செயலிகளில் மேல்விரி சாளரமும் சார்பு உட்செலுத்தலும்

ஒரு செயலி இயங்கிக்கொண்டிருக்கும்போது திரையின் மேல் திறந்து, பயனரிடம் ஒரு கேள்வி கேட்டு, விடை கிடைத்ததும் மூடிக்கொள்ளும் சிறு சாளரம் மேல்விரி சாளரம் எனப்படும். 'பாப்-அப்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு நிரல்பகுதி தனக்குத் தேவையான மற்றொரு பொருளைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல், அதை வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் முறை சார்பு உட்செலுத்தல். கணினித் துறையினர் இதை 'டிபென்டன்சி இன்ஜெக்சன்' என்பர். பல கூறுகளாகப் பிரித்து எழுதப்படும் செயலிகளில் இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல்கள் அதிகம்.

கூறுநிலை அமைப்பு

கூறுநிலை அமைப்பை விளக்க நாமக்கல் லாரியே போதும். இன்ஜினும் சக்கரமும் கொண்ட சேசிஸ் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதன்மேல் பாடி கட்டுவது நாமக்கல் பட்டறைகளின் வேலை. ஒரே வகைச் சேசிஸின்மேல் சரக்குப் பாடியும் ஏற்றலாம், கேஸ் டேங்கரும் ஏற்றலாம். பொருத்தும் இடமும் அளவும் முன்பே முடிவானவை என்பதால், பாடி கட்டுபவர் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

டயரைக் கவனித்தால் சார்பு உட்செலுத்தலும் விளங்கும். லாரி தனக்கான டயரைத் தானே செய்துகொள்வதில்லை. இன்ன அளவு டயர் வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. எந்த நிறுவனத்தின் டயரை மாட்டுவது என்பதை உரிமையாளர் முடிவு செய்கிறார். நிரலாக்கத்தில் அந்த 'இன்ன அளவு' என்பதே இடைமுகம், மாட்டப்படும் டயர் அதன் செயலாக்கம், மாட்டிவிடுபவர் கொள்கலன். ஓர் இனக்குழு தனக்கு வேண்டியவற்றை ஆக்கியின் அளபுருக்களாகக் குறிப்பிடுகிறது. கொள்கலன் அவற்றைத் தேடிக் கொடுத்துப் பொருளை உருவாக்குகிறது. இந்த வழக்கம் முன்பே இருந்தாலும், 2004-இல் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரைக்குப் பிறகே 'சார்பு உட்செலுத்தல்' என்ற பெயர் பரவலாக நிலைத்தது.

கூறே சாளரத்தைத் திறந்தால்

ஒரு லாரி புக்கிங் அலுவலகத்துக்கான செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் டிரிப் பதிவு ஒரு கூறு, டீசல் கணக்கு ஒரு கூறு, எப்.சி., காப்பீடு, பெர்மிட் ஆகியவற்றின் தேதிகளைக் கவனிப்பது இன்னொரு கூறு. டிரிப் போடும்போது அந்த வண்டியின் எப்.சி. முடிய இரண்டு நாளே இருந்தால், 'டிரிப் போடலாமா?' என்று ஒரு சாளரம் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி சரியாக வராவிட்டால் வண்டி கிளம்பிவிடும். வழியில் சோதனையில் நிற்கும்.

எளிய வழி, டிரிப் கூறே அந்தச் சாளரத்தை உருவாக்கித் திறப்பது. பத்துத் திரைகள் உள்ள செயலிக்கு அது போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. செயலி வளரும்போதுதான் இடிக்கிறது. சாளரம் தேதிக் கூறுக்குள் இருப்பதால், டிரிப் கூறு தேதிக் கூறு இல்லாமல் தொகுக்கப்படாது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் தொட வேண்டும். தானியங்கிச் சோதனையும் நின்றுவிடும். சோதனை நிரல் ஓடும்போது சாளரம் திறந்து விடைக்காகக் காத்திருக்கும்; பொத்தானை அழுத்த அங்கே ஆளில்லை.

ஆகவே 'கேள்வி கேட்கும் சேவை' என்று ஓர் இடைமுகம் வகுக்கப்படுகிறது. டிரிப் கூறு அதை ஆக்கியின் வழியாகப் பெற்று, கேட்க வேண்டியதைச் சொல்லிவிட்டு விடையை வாங்கிக்கொள்கிறது. சாளரம் எப்படி இருக்கும், எங்கே திறக்கும் என்பது அதற்குத் தெரியாது. சோதனையின்போது எப்போதும் 'வேண்டாம்' என்று விடை தரும் போலிச் சேவையைக் கொடுத்தால், டிரிப் பதிவாகாமல் நிற்கிறதா என்பதை யாரும் திரையைத் தொடாமலே சரிபார்க்கலாம்.

பிரிசம் நூலகம் செய்யும் வேலை

மைக்ரோசாப்டின் டபிள்யூ.பி.எப். தளத்தில் கூறுநிலைச் செயலிகள் எழுத 2008-இல் வெளிவந்த வழிகாட்டு நூலகம் பின்னர் பிரிசம் என்ற பெயரில் வளர்ந்தது; 2015 முதல் மைக்ரோசாப்டுக்கு வெளியே பராமரிக்கப்படுகிறது. சாளரங்களுக்கு அதில் முதலில் இருந்த முறை சற்றுச் சுற்றுவழி. 2019-இல் வந்த 7.2 பதிப்பு, உரையாடல் சேவை என்ற ஒன்றைத் தந்தது. இதில் கூறு முழுச் சாளரத்தைப் பதிவு செய்வதில்லை. உள்ளடக்கத்தை மட்டும் ஒரு பெயரில் பதிவு செய்கிறது. சட்டமான சாளரத்தைச் சேவையே உருவாக்கி, உள்ளடக்கத்தை அதில் வைத்துத் திறந்து, மூடியதும் விடையைத் திருப்பித் தருகிறது. 'இப்போது மூடலாமா?' என்று உள்ளடக்கத்தைக் கேட்டுவிட்டு மூடும் வசதியும் உண்டு.

பதிவுப் பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் தொகுப்பி கண்டுபிடிக்காது; அந்தச் சாளரம் முதன்முறை அழைக்கப்படும்போதுதான் பிழை வெளிப்படும். தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்படும் கூறில் சாளரம் இருந்து, அக்கூறு இன்னும் ஏற்றப்படாவிட்டாலும் இதே பிழைதான். எந்தக் கூறு எதைச் சார்ந்தது என்று முன்னரே அறிவித்துவிட்டால், ஏற்றும் வரிசையை நூலகம் பார்த்துக்கொள்ளும்.

சாளரத்தின் ஆயுள்

தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறும் இடம் இது. கொள்கலனில் ஒரு பொருளை இருவகையாகப் பதிவு செய்யலாம். செயலி முழுவதற்கும் ஒரே பொருள் என்பது ஒன்று. கேட்கும்போதெல்லாம் புதுப்பொருள் என்பது மற்றது. சாளரத்தை முதல் வகையில் பதிவு செய்தால் முதல் டிரிப்புக்குச் சரியாகத் திறக்கும். இரண்டாம் டிரிப்பில் செயலி பிழை காட்டும். டபிள்யூ.பி.எப். தளத்தில் ஒருமுறை மூடிய சாளரத்தை மீண்டும் திறக்க முடியாது என்பதே காரணம்.

இதற்குச் சிலர் குறுக்குவழி ஒன்று செய்கிறார்கள். சாளரத்தை மூடவிடாமல் மறைத்துவைத்து, அடுத்த முறை மீண்டும் காட்டுகிறார்கள். பிழை போய்விடும், ஆனால் வேறொன்று வந்து சேரும். உள்ளடக்கத்தை ஒவ்வொரு முறையும் கவனமாகப் புதுப்பிக்காவிட்டால், முந்தைய லாரியின் எண்ணும் தேதியும் அப்படியே இருக்கும். அலுவலர் அதைப் பார்த்து 'சரி' என்று அழுத்திவிடுவார். செயலி நின்றுபோவதைவிட இது கெடுதலானது. சேவை ஒன்றே ஒன்றாகவும், சாளரமும் அதன் உள்ளடக்கமும் ஒவ்வொரு முறையும் புதிதாகவும் இருப்பதே தக்க ஏற்பாடு.

புதிதாக உருவாக்கியது மூடியபின் நினைவகத்திலிருந்து நீங்கவும் வேண்டும். சாளரத்தின் உள்ளடக்கம், நெடுங்காலம் வாழும் வேறொரு பொருளின் நிகழ்வுகளைக் கேட்கப் பதிவு செய்துகொண்டு, மூடும்போது விலகாமல் இருந்தால், திரையில் இல்லாவிட்டாலும் நினைவகத்தில் இருக்கும். நாளுக்கு நூறு டிரிப் போடும் அலுவலகத்தில் மாலைக்குள் கணினி மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

உரிமைச் சாளரம் எது என்று சொல்லாமல் திறப்பதும் தொல்லை. பயனர் வேறு செயலிக்குப் போய்த் திரும்பினால், கேள்விச் சாளரம் முதன்மைச் சாளரத்தின் பின்னால் மறைந்திருக்கக்கூடும். விடை வரும்வரை முதன்மைச் சாளரம் எதற்கும் அசையாது. செயலி உறைந்துவிட்டது என்று எண்ணிக் கணினியை அணைப்பவர்கள் உண்டு. இந்த உரிமையைப் பிரிசம் தானே அமைத்துவிடுகிறது. சொந்தமாகச் சேவை எழுதுபவர் மறக்காமல் அமைக்க வேண்டும்.