மூச்சு நிற்கும் இடம்

"செம்பொன்பதின்றொடி". இந்தத் தொடரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "செம்பொன்" என்று சொல்லி நிறுத்தினால் பத்துத் தொடி தங்கம். "செம்பு" என்று நிறுத்தினால் ஒன்பது தொடி செம்பு! தொடி என்பது பழைய எடை அளவு. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. நிறுத்திய இடம் மாறியது, தங்கம் செம்பாகிவிட்டது.

தொல்காப்பியத்தின் புணரியல் இதைப் பேசுகிறது. எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் சொல்லும் இசையால் பொருள் வேறாகும் என்பது அதன் கருத்து. மேலே சொன்னது உரையாசிரியர்கள் காட்டிய உதாரணம். ஓலைச்சுவடியில் காற்புள்ளி கிடையாது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. எங்கே நிறுத்துவது என்பது படிப்பவரின் காதிலும் மூச்சிலும்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவிய பிறகே நிறுத்தற்குறிகள் தமிழ் உரைநடையில் நிலைபெற்றன. ஆறுமுக நாவலருக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

சரி, நாம் ஏன் நிறுத்துகிறோம்? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இழுப்பதற்கும் விடுவதற்கும் ஆகும் நேரத்தில் அப்போது பெரிய வித்தியாசம் இராது. பேசத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. சட்டென்று காற்றை இழுத்துக்கொண்டு, அதைச் சிறுகச் சிறுகச் செலவழித்துப் பேசுகிறோம். அந்தக் காற்று தீர்வதற்குள் சொல்லி முடிப்பது ஒரு துண்டு. அதற்குள்ளும் சின்னச் சின்னத் துண்டுகள் உண்டு. குரல் ஏறி இறங்கும், கடைசி அசை சற்று நீளும், பிறகு ஒரு கணம் நிற்கும். ஆங்கிலப் பேச்சில் இப்படிப்பட்ட ஒரு துண்டில் சராசரியாக ஐந்து சொற்கள் வரும் என்று வாலஸ் சேஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1994இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஒரு துண்டுக்குள் ஒரு புதிய செய்திதான் அடங்கும் என்பது அவர் கருத்து. தமிழில் "போகாதவர்களுக்கு" என்ற ஒரே சொல்லில் ஆங்கிலத்தின் நாலைந்து சொற்கள் அடங்கிவிடுகின்றன. ஆகவே நமக்கு இன்னும் குறைந்த சொற்களே போதும்.

இதற்கு நூலகம் போக வேண்டியதில்லை. நெகிரி செம்பிலானில் லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று எந்தத் தோட்டத்தில் வளர்ந்தவர்களானாலும் அங்குள்ள பெரியவர்கள் கதை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "விடியக்காலையில எந்திரிச்சு / பெரட்டுக்குப் போயி / நெறையில எறங்கி மரஞ்சீவி / பாலெடுத்து / ஸ்டோருல ஊத்திட்டு / வீட்டுக்கு வந்தா மணி ரெண்டு!" ஒரே வாக்கியம், ஆறு துண்டு. எழுந்து, போய், சீவி, எடுத்து என்று வினையெச்சம் முடிகிற இடத்திலெல்லாம் மூச்சுக்கு ஒரு படி கிடைக்கிறது. வினைமுற்று கடைசியில் வருவது தமிழின் வழக்கம். அதுவரை கேட்பவரைக் காக்க வைக்க வேண்டுமே! அந்தக் காத்திருப்பைத் தாங்குவது இந்தப் படிகள்தான். இலக்கணம் படிக்காத பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர்கூட "பெரட்டுக்குப்" என்று சொல்லிவிட்டு நடுவில் நிற்கமாட்டார்.

ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அடியின் முடிவில் உயிரொலி நீள்கிறது. உள்ளே இழுக்கும் விம்மலே அடுத்த அடிக்கு வாசலாகிறது. அண்டை வீட்டு மலாய்க்காரரிடமும் இது உண்டு. நெகிரி செம்பிலானின் அடாட் பெர்பாத்தே என்ற மரபுச் சட்டம் நெடுங்காலம் வாய்மொழியாகவே காக்கப்பட்டது. அதன் பழமொழித் தொடர்கள் பாதிப் பாதியாக, ஒத்த தாளத்தில் அமைந்திருப்பதால் மனத்தில் நின்றன.

பள்ளியில் நம் பிள்ளைகளை அச்சுறுத்தும் ஒற்றுப் பிழைக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. "பள்ளிக்குப் போனான்" என்று சேர்த்துச் சொன்னால் ப் கேட்கிறது. "பள்ளிக்கு" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "போனான்" என்று சொல்லிப் பாருங்கள். ப் காணாமல் போகும். "மணியடித்தது" என்பதில் நடுவே வரும் ய் கூட அப்படித்தான். எல்லா ஒற்றும் மூச்சுக்குக் கட்டுப்பட்டதல்ல. "வேலை கொடுத்தார்" என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் க் வராது, அங்கே இலக்கண உறவுதான் தீர்ப்புச் சொல்கிறது. ஆனாலும் விதியை மனப்பாடம் செய்யும் முன் பிள்ளை அதைக் காதால் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். மதிப்பெண் குறைப்பதற்காகவே ஒற்று பிறந்ததுபோல நாம் கற்பிக்கிறோம்!

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் சிரம்பானுக்கும் செனவாங்கிற்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தன. வாசலில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளைகளுக்குப் படி படியாக இறங்கும் தமிழ் காதில் ஏறியிருந்தது. இன்று பல பிள்ளைகளுக்கு நீண்ட தமிழ் வாக்கியம் முதன்முதலில் புத்தகத்தில்தான் அறிமுகமாகிறது. வரி முடிகிற இடத்தில் நிறுத்துகிறார்கள், அல்லது ஒரே மூச்சில் ஓடிவிடுகிறார்கள். வேகமாகப் படித்தால் நன்றாகப் படிக்கிறான் என்று நாமும் கை தட்டுகிறோம். வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு பெரும்பாலும் வாக்கியம் இடம்கொடுக்கும் இடத்தில் விழுகிறது, சொந்தமாகப் பேசும்போது யோசிக்கிற இடத்திலும் நிற்கிறது என்று இலண்டனில் ஆய்வு செய்த ஃபிரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் 1960களிலேயே காட்டினார். அப்படியானால் பிள்ளை தவறான இடத்தில் மூச்சு வாங்கினால், வாக்கியம் அவனுக்குப் பிடிபடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. பத்திரிகையில் ஒரு பத்தியை எடுத்து, பென்சிலால் சாய்கோடு போட்டுக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். கோட்டை நீங்கள் போடாதீர்கள், பிள்ளையே போடட்டும். பிறகு இந்த வாக்கியத்தைக் கொடுங்கள்: "நேற்று வந்த மாமாவின் சைக்கிள் காணாமல் போனது." "நேற்று" என்பதற்குப் பின் கோடு போட்டால் சைக்கிள் தொலைந்தது நேற்று. "மாமாவின்" என்பதற்குப் பின் போட்டால் மாமா வந்தது நேற்று. இரண்டு விதமாகவும் படிக்க வைத்து, சைக்கிள் எப்போது காணாமல் போனது என்று கேட்டுப் பாருங்கள்.