பெட்ரோல் வரியும் பொதுப் பணமும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களிலெல்லாம் அங்கத்தினர்கள் நம்மைக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்களிடம் பிடித்த பணம் எங்கே போகிறது?" நெய்த கூலியில் பிடித்ததாயினும், விளைபொருள் விற்ற தொகையில் பிடித்ததாயினும் கேள்வி ஒன்றே. பெரிய நாடுகளின் குடிமக்களும் தத்தம் அரசாங்கத்தை இவ்வாறே கேட்டு வந்துள்ளனர். அவர்களுக்குக் கிடைத்த விடைதான் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பெட்ரோல் வரியின் வரலாற்றை நோக்கினால் இவ்வேறுபாடு தெற்றென விளங்கும்.

அமெரிக்காவில் ஆரெகான் மாநிலம் 1919-ஆம் ஆண்டில் காலனுக்கு 1 சென்ட் வரி விதித்தது. சாலை போடுவதே அதன் நோக்கம். 1956-இல் 41,000 மைல் நீள நெடுஞ்சாலைகளை அமைக்கச் சட்டம் இயற்றியபோது, பெட்ரோல் வரியைக் கொண்டே தனி நிதி ஒன்றை ஏற்படுத்தினர். வண்டி ஓட்டுபவன் கொடுப்பது பெரும்பாலும் அவன் ஓட்டும் சாலைக்கே என்பது அவர்கள் கொள்கை. அரசாங்கத்தின் கை அதற்கு மேல் நீள்வதை அம்மக்கள் எளிதில் ஒப்புவதில்லை.

பிரிட்டனிலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. 1909-இல் லாயிட் ஜார்ஜ் காலனுக்கு 3 பென்ஸ் வரி கேட்டபோது, அது சாலைகளுக்கே என்றார். ஆனால் நிதி மந்திரி சர்ச்சில், மோட்டார் வரிகளால் திரண்ட சாலை நிதியிலிருந்து 1926-இல் பொதுச் செலவுக்குப் பணம் எடுத்தார். 1928-இல் மீண்டும் விதித்த பெட்ரோல் வரி சாலைக்கென ஒதுக்கப்படவில்லை. வரி செலுத்தியவர் எவராயினும், பணம் நாட்டுக்குப் பொது. செலவைப் பார்லிமெண்டு முடிவு செய்யும் என்பதே அங்கு நிலைத்த கருத்து.

ஜெர்மனி இன்னும் ஒரு படி சென்றது. 1999 முதல் 2003 வரை ஐந்து தவணைகளில் எரிபொருள் வரியை உயர்த்தி, கிடைத்ததில் பெரும்பகுதியை ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தி, தொழிலாளர் கட்டும் சந்தாவைக் குறைத்தனர். 2003-இல் பெட்ரோல் வரி லிட்டருக்கு 65.45 யூரோ சென்ட் ஆயிற்று. அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் வரியோ, 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலனுக்கு 18.4 சென்ட், லிட்டருக்கு ஏறத்தாழ 5 சென்ட். மாநில வரிகளைக் கூட்டினாலும் இடைவெளி பெரிதே.

இவற்றுள் எது சிறந்தது? ஒவ்வொன்றிலும் குறை உண்டு. 1993-க்குப் பின் அமெரிக்கர்கள் அவ்வரியை உயர்த்தத் துணியவில்லை. சாலைச் செலவோ ஏறிக்கொண்டே சென்றது. ஆகவே 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து அந்நிதிக்குப் பணம் மாற்ற நேர்ந்தது. பிரிட்டனில் 1993 முதல் விலைவாசி உயர்வையும் மிஞ்சி வரியை ஆண்டுதோறும் ஏற்றினர். 2000 செப்டம்பரில் விவசாயிகளும் லாரி ஓட்டுநர்களும் எண்ணெய்க் கிடங்குகளை மறித்தனர். பிரான்சில் 2018-இல் வரி உயர்வை எதிர்த்து மக்கள் மஞ்சள் சட்டையணிந்து தெருவில் இறங்கினர். வேலைக்குச் செல்லக் காரை விட்டால் வழியில்லாத சிற்றூர்வாசிகள் அவர்களுள் பலர். அரசாங்கம் அவ்வுயர்வைக் கைவிட்டது.

நம் சங்கங்களுக்கு இதில் பாடம் உண்டு. ஒரு காரியத்திற்கென்று பணம் பிடிப்பதும் முறையே. பொது நிதியில் சேர்ப்பதும் முறையே. ஆனால் ஒன்றைச் சொல்லி வாங்கி, மற்றொன்றுக்குச் செலவிடுவது நம்பிக்கையைக் கெடுக்கும். பொதுச் சபைக்கு அஞ்சிச் சந்தாவை உயர்த்தாமல் காலந்தள்ளுவதோ நிதியையே கெடுக்கும். ஆதலின் அங்கத்தினர்கள் "பணம் எங்கே?" என்று கேட்பதோடு நில்லாமல், "எது எதற்கு நாம் பணம் கொடுக்க இசைகிறோம்?" என்பதையும் பொதுச் சபையில் பேசித் தீர்மானித்துக் குறிப்பேட்டில் பதிந்துவைக்க வேண்டும். அங்ஙனம் பதிந்த சங்கத்தில் தணிக்கை எளிது, மனத்தாங்கலும் குறைவு.