கட்டியது நாம், மண் யாருடையது?

2018 நவம்பரில் புக்கிட் ஜாலில் ஆக்சியாத்தா அரங்கில் பெருங்கூட்டம் திரண்டது. பூப்பந்துப் போட்டிக்கும் அல்ல, பாட்டுக் கச்சேரிக்கும் அல்ல. ஐவர் கொண்ட அணிகள் கணினித் திரையில் மோதிக்கொண்ட ‘டோட்டா 2’ ஆட்டத்தைப் பார்க்கத்தான். ‘கோலாலம்பூர் மேஜர்’ என்ற அந்தப் போட்டியின் பரிசுத் தொகை 10 லட்சம் அமெரிக்க டாலர். ரஷ்யாவின் விர்துஸ் புரோ அணி கோப்பையைத் தட்டிச் சென்றது. மலேசியாவுக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. 2013இல் சியாட்டலில் நடந்த ‘தி இன்டர்நேஷனல்’ போட்டியிலேயே நம் ஆரஞ்சு அணி உலகின் மூன்றாம் இடத்தைப் பிடித்திருந்தது.

ஆனால், இந்த ஆட்டத்தின் மூலவடிவத்தை எந்த நிறுவனமும் உருவாக்கவில்லை. 2002இல் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டோடு ‘வேர்ல்ட் எடிட்டர்’ என்ற கருவியும் வந்தது. ஆடுபவர்கள் தங்களுக்கு வேண்டிய களத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். ‘யூல்’ என்ற புனைபெயர்க்காரர் 2003இல் அதில் ஒரு களத்தை அமைத்தார். ‘குவின்சூ’, ‘ஐஸ்ஃப்ராக்’ என்ற வேறு புனைபெயர்களில் பிறர் அதை வளர்த்தார்கள். சம்பளம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஆசை மட்டும்தான். பின்னால் அது கோடிகளைக் கொட்டத் தொடங்கியதும், ‘இது யாருக்குச் சொந்தம்?’ என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது.

அந்த அரங்கிலிருந்து எல்ஆர்டி தடத்தில் சில நிலையங்கள் தள்ளி இருக்கிறது பூச்சோங். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளுக்குள்ளும் இன்று இந்தக் கேள்வி நுழைந்துவிட்டது. ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தில் ஓட்டப்பந்தய ஆட்டம் அமைக்கும் பிள்ளையும், மைன்கிராஃப்டில் பத்துமலைப் படிக்கட்டை ஒவ்வொரு கட்டமாக அடுக்கும் பிள்ளையும் யூல் செய்ததைத்தான் செய்கிறார்கள்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது?

பயனர் அமைத்த ஒரு களத்தின் கோப்பைத் திறந்து பார்த்தால் அதில் படங்கள் அதிகம் இருக்காது. இந்த இடத்தில் ஒரு சுவர், அந்த மூலையில் ஒரு மரம், வீரன் கதவைத் தொட்டால் மணி ஒலிக்க வேண்டும் என்பது போன்ற குறிப்புகளே வரிசையாக இருக்கும். சுவரின் படமும் மரத்தின் வடிவமும் மூல விளையாட்டின் நூலகத்தில் உள்ளவை. விளையாட்டு இயங்கும்போது குறிப்பைப் படித்து, நூலகத்திலிருந்து எடுத்து, திரையில் வைத்துக் காட்டுகிறது மென்பொருள். ரோப்லாக்ஸில் இந்தக் குறிப்புகளோடு ‘லுவாவ்’ என்ற நிரல்மொழியில் பிள்ளைகள் எழுதும் கட்டளைகளும் சேர்கின்றன. பிரேசிலில் 1993இல் பிறந்த ‘லுவா’ மொழியின் வழிவந்தது அது.

படமே இல்லாத குறிப்புப் பட்டியல் மூல விளையாட்டின் நகலாகுமா? அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இலேயே இதை ஆராய்ந்தது. ‘டியூக் நூக்கம் 3டி’ விளையாட்டுக்கு ரசிகர்கள் அமைத்த 300 களங்களைத் திரட்டி, ‘நூக் இட்’ என்ற குறுந்தட்டாக விற்றது மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம். கோப்புகளில் மூல விளையாட்டின் படம் ஒன்றுகூட இல்லை என்பது அதன் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே நாயகனின் புதிய சாகசங்களைச் சொல்வதால் அந்தக் களங்கள் மூலக் கதையின் தொடர்ச்சி என்றும், தொடர்ச்சி எழுதும் உரிமை மூல உரிமையாளருக்கே உண்டு என்றும் தீர்ப்பளித்தது. ஒருபக்கம் மூல உரிமையாளர், மறுபக்கம் வியாபாரி. அந்த 300 களங்களையும் உட்கார்ந்து அமைத்த ரசிகர்கள் வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை.

டோட்டா சொன்ன பாடம்

டோட்டாவைப் படைத்தவர்களுக்கு அந்த நிலை வரவில்லை. ஐஸ்ஃப்ராக்கை வேலைக்குச் சேர்த்துக்கொண்டு டோட்டா 2ஐ வெளியிட்ட வால்வ் நிறுவனம், யூலிடமிருந்தும் உரிமையை எழுதி வாங்கியது. டோட்டா என்ற பெயருக்காக வால்வும் பிளிசார்டும் மோதி, 2012இல் சமரசம் செய்துகொண்டன. பிறகு இரண்டும் கைகோத்து, டோட்டா நாயகர்களை நகலெடுத்ததாக லிலித், யூகூல் என்ற கைப்பேசி விளையாட்டு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தன. தான் விலகும்போது, இனி யார் வேண்டுமானாலும் இதை எடுத்து வளர்க்கலாம் என்ற பொருளில் யூல் 2004இல் இணையத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அதன்மூலம் உரிமையை அவர் கைவிட்டுவிட்டார் என்றது யூகூல். கலிஃபோர்னியாவின் கூட்டரசு நீதிபதி சார்லஸ் பிரேயர் 2017 மே மாதம் அதை அப்படியே ஏற்க மறுத்து, ஜூரிகள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றார். இணையத்தில் எழுதிய சில வரி, 13 ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் சான்றாக வந்து நின்றது.

பிளிசார்டும் ஒரு பாடம் கற்றது. வார்கிராஃப்ட் 3 விற்பனைக்கு வந்தபோது, பயனர் களத்தை வியாபாரம் செய்யக்கூடாது என்று மட்டுமே ஒப்பந்தத்தில் இருந்தது. களம் யாருக்குச் சொந்தம் என்று எழுதவில்லை. 2020 ஜனவரியில் அதே விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, பயனர்கள் அமைக்கும் களங்கள் அனைத்தும் தனக்கே சொந்தம் என்று விதி எழுதிவிட்டது.

சட்டம் தருவதும் விதி எடுப்பதும்

மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சொந்த முயற்சியில் உருவாக்கி, எழுத்திலோ கோப்பிலோ பதிந்த அந்தக் கணமே படைப்பு பாதுகாப்புப் பெறுகிறது. பதிவு கட்டாயமில்லை, வயது வரம்பும் இல்லை. கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற வகையில் அடங்கும். ஆகவே பத்து வயதுப் பிள்ளை எழுதிய நிரலுக்கும், அந்தப் பிள்ளையின் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

கருத்துக்கும் செயல்முறைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மூன்று பாதை, காவற்கோபுரங்கள், ஐவர் அணி என்ற டோட்டாவின் ஆட்ட அமைப்பை ‘லீக் ஆஃப் லெஜென்ட்ஸ்’ எடுத்துக்கொண்டது. ‘மொபைல் லெஜென்ட்ஸ்’ அதைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. 2019இல் மொபைல் லெஜென்ட்ஸின் முதல் உலகப் போட்டி நடந்ததும் அதே கோலாலம்பூரில்தான். ஆட்ட முறையை யாரும் எடுத்தாளலாம். ஒரு நாயகனின் உருவம், வரைந்த களம், எழுதிய நிரல் ஆகியவற்றை நகலெடுத்தால்தான் சிக்கல்.

சட்டம் தரும் இந்த உரிமையை விளையாட்டு நிறுவனங்களின் விதிகள் மூன்று விதமாகக் கையாள்கின்றன. ரோப்லாக்ஸில் படைப்பு உங்களுடையது. ஆனால் உலகெங்கும் அதைப் பயன்படுத்தும் உரிமத்தை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். மைன்கிராஃப்டில் நீங்கள் புதிதாக எழுதிய ‘மோட்’ என்ற கூடுதல் நிரல் உங்களுடையது. அதைக் காசுக்கு விற்கக்கூடாது. புதிய வார்கிராஃப்டில் எதுவுமே உங்களுடையதல்ல.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு இது புரியாத கணக்கல்ல. ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் கல் சுமந்து கோயில் எழுப்பினார்கள், திருவிழா நடத்தினார்கள். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தபோதுதான் பட்டா கம்பெனியின் பெயரில் இருப்பது உறைத்தது. விளையாட்டுத் தளமும் தோட்டத்து மண்தான். அதன்மேல் எழுப்பியது உங்களுடையதாகவே இருந்தாலும், நிறுவனம் வாசலை அடைத்துவிட்டால் அதைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோக முடியாது.

பின்னணிப் பாட்டு யாருடையது?

பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது பாட்டில்தான். ஆட்டத்தின் பின்னணியில் ஒரு தமிழ்ப் படப் பாட்டைச் சேர்த்தால் இசையமைப்பாளர், பாடலாசிரியர், ஒலிப்பதிவு உரிமையாளர் என்று மூன்று தரப்பாவது அதற்குள் இருக்கிறது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ படப் பாட்டைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா 2024இல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். விளையாட்டுத் தளங்களுக்கும் அதே கதைதான். 2021 ஜூனில் அமெரிக்க இசை வெளியீட்டாளர்கள் 20 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு ரோப்லாக்ஸ்மீது வழக்குப் போட்டார்கள். செப்டம்பரில் சமரசம் ஆனது. 2022 மார்ச்சில், பயனர்கள் ஏற்றியிருந்த ஆறு விநாடிக்கு மேற்பட்ட ஒலிக்கோப்புகளைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து ரோப்லாக்ஸ் விலக்கியது.

லட்சக்கணக்கான கோப்புகளில் எது யார் பாட்டு என்று எந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒலியை நேரத்துக்கும் அதிர்வெண்ணுக்குமான வரைபடமாக மாற்றுகிறது. அதில் மிக வலுவாக ஒலிக்கும் புள்ளிகளை மட்டும் பொறுக்கி, ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைச் சிறு எண்ணாக்குகிறது. ஒலியின் கைரேகை என்பது இந்த எண்களின் தொகுதிதான். பின்னணியில் துப்பாக்கிச் சத்தம் கலந்தாலும் வலுவான புள்ளிகள் பலவும் அழிவதில்லை. சில விநாடி கிடைத்தால் போதும், பொருத்தம் தெரிந்துவிடும். ஆனால் எந்திரத்துக்குத் தெரிவது பொருத்தம் மட்டுமே. உரிமையாளர் அனுமதி தந்தாரா என்பது அதற்குத் தெரியாது.

திருட்டுப் போனால்

உங்கள் பிள்ளையின் களத்தை இன்னொருவர் நகலெடுத்துத் தன் பெயரில் போட்டால்? மலேசியச் சட்டத்தின்படி, உரிமையாளர் எழுத்து மூலம் அறிவித்தால் இணையச் சேவை நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் அதை நீக்க வேண்டும். எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பலாம். அப்போது உரிமையாளர் நீதிமன்றம் போகாவிட்டால் நீக்கியது திரும்ப வந்துவிடும். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஏறக்குறைய இதே வழியைத்தான் சொல்கிறது.

அப்போது தேவைப்படுவது சான்று. தேதியோடு கூடிய மூலக்கோப்பு, பழைய வடிவங்கள், கூடச் சேர்ந்து செய்த நண்பர்களின் பெயரும் பங்கும் எல்லாம் கையில் இருக்க வேண்டும். நண்பனுக்கு உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் படைப்பை அறிவித்து வைக்கும் தன்விருப்ப ஏற்பாடு 2012 முதல் இருக்கிறது. அதன் பதிவேட்டுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நிலை ஆதாரமாக ஏற்கப்படும்.

கையொப்பம் யாருடையது?

இன்னொரு முடிச்சும் உண்டு. மலேசியாவில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. இந்தக் கொள்கையின் வேர் கல்கத்தாவில் இருக்கிறது. தர்மதாஸ் கோஷ் என்ற வயது வராத இளைஞர் வட்டிக்கடைக்காரரிடம் வீட்டை அடமானம் வைத்த வழக்கில், அந்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1903இல் தீர்ப்பளித்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தழுவிய மலேசிய ஒப்பந்தச் சட்டமும் அந்த வழியில்தான் நடக்கிறது.

அப்படியானால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘சம்மதம்’ என்று அழுத்தியது எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும்? இந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்றுதான் தளங்கள் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கின்றன. எவ்வளவு நேரம் விளையாடலாம் என்று பிள்ளையோடு மல்லுக்கு நிற்கும் நாம், அந்தப் பொத்தானை மட்டும் படிக்காமலே அழுத்திக் கொடுக்கிறோம். பிள்ளை படைத்ததை உலகெங்கும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம் அங்கேதான் கைமாறுகிறது. அழுத்துமுன் மூன்றை மட்டும் தேடிப் படியுங்கள்: படைப்பு யாருக்குச் சொந்தம், விற்கலாமா, கணக்கை மூடினால் என்ன ஆகும். விதி பிடிக்காவிட்டால் கணக்கே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.