கம்பி போகும் காணி யாருடையது?

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறியதை நாம் மறக்கவில்லை. இரத்தினபுரி, கேகாலை லயங்களுக்கு இணையக் கம்பி வர வேண்டும். ஆனால் அது யாருடைய காணியையாவது கடந்துதானே வரும்?

மின்கம்பி இழுக்க, சொந்தக்காரருக்கு அல்லது குடியிருப்பவருக்கு அறிவித்தல் கொடுக்கவும், இணங்காவிடில் பிரதேச செயலாளர் விசாரிக்கவும் 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வழிவைத்தது. ‘குடியிருப்பவர்’ என்ற சொல்தான் நமக்கு முக்கியம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. லயத்துக்குப் பின்னால் பலாவும் மிளகும் நட்டவர் கையிலோ உறுதி இல்லை. மரத்தை வெட்டினால் நட்டஈடு யாருக்கு? இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான்.

இணையக் கம்பிக்கும் அதே அறிவித்தலை எழுத்தில் கேட்போம். அளக்க வருமுன்பே நட்ட மரங்களை எண்ணி எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்வோம்.