மகனைக் காக்க மூட்டிய அடுப்பு

2012 அக்டோபர் 16, அதிகாலை மூன்று மணியைத் தாண்டிய நேரம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் உள்ள குன்ஸ்தால் கலைக்கூடத்தின் பின்கதவு வழியாகத் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த 7 ஓவியங்களைக் கழற்றிப் பைகளில் திணித்துக்கொண்டு, மூன்று நிமிடம்கூட ஆகாமல் வெளியேறிவிட்டார்கள். அலாரம் அடித்தது, சில நிமிடங்களில் போலீஸும் வந்து சேர்ந்தது. ஆனால், அங்கே யாரும் இல்லை. இரவில் அந்தக் கட்டடத்தில் காவலுக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. கருவிகளை நம்பியே விட்டிருந்தார்கள்.

போனவை சாதாரண ஓவியங்கள் அல்ல. லண்டன் பாலங்களை மோனே 1901-இல் தீட்டிய இரண்டு படங்கள், பிக்காசோவின் ஹார்லிக்வின் கோமாளி முகம், மத்தீஸ் வரைந்த வாசிக்கும் பெண், ஜன்னலோரப் பெண்ணைக் காட்டும் கோகனின் 1888-ஆம் ஆண்டுப் படம், மெயர் டி ஹான் தன்னையே வரைந்துகொண்டது, லூசியன் ஃபிராய்டின் கண்மூடிய பெண். டிரைட்டன் அறக்கட்டளை என்ற தனியார் சேகரிப்பிலிருந்து, குன்ஸ்தாலின் 20-ஆம் ஆண்டு விழாவுக்காக வந்தவை அவை.

சினிமாவில் திருட்டு முடிந்ததும் கதை முடிந்துவிடும். உண்மையில் திருடனுக்குத் தலைவலி ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். தங்கத்தை உருக்கிவிடலாம், பிக்காசோவை என்ன செய்வது? மறுநாளே உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் படம் வந்துவிட்டது. விவரம் தெரிந்த யாரும் வாங்க மாட்டார்கள். ராடு டொகாரு என்ற ருமேனிய இளைஞனும் கூட்டாளிகளும் ஓவியங்களைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோய் விற்கப் பார்த்தார்கள். விலைபேசும்போது, அசலா என்று சோதிக்க ஒரு கலை நிபுணரை வரவழைத்தார்கள். அவர் பார்த்ததுமே புரிந்துகொண்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். 2013 ஜனவரியில் ராடு பிடிபட்டான். ஓவியங்கள் மட்டும் கிடைக்கவில்லை.

ருமேனியாவில் கர்கலியூ என்ற சிறிய கிராமம். ராடுவின் தாய் ஓல்கா அங்கேதான் இருந்தார். ஓவியப் பொதியை ஆளில்லாத ஒரு வீட்டுத் தோட்டத்திலும், பிறகு ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் புதைத்துவைத்ததாக விசாரணையில் சொன்னார். போலீஸ் ஊருக்குள் வந்து தேடத் தொடங்கியது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் அல்லவா? சாட்சியம் இல்லையென்றால் பிள்ளை தப்பிவிடுவான் என்று அந்தத் தாய் நினைத்தார். பொதியைத் தோண்டியெடுத்து அடுப்பில் இட்டு, மேலே விறகையும் பழைய செருப்புகளையும் போட்டு, முழுக்க எரியும்வரை காத்திருந்ததாக வாக்குமூலம் கொடுத்தார்.

அந்த அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டுபோய் ருமேனிய தேசிய வரலாற்று அருங்காட்சியக விஞ்ஞானிகள் சலித்துப் பார்த்தார்கள். கித்தான் துணியின் நார், அதன்மேல் பூசும் அடிப்பூச்சு, பல நிற வண்ணத் துகள்கள் எல்லாம் கிடைத்தன. எல்லாவற்றையும்விட உறுத்தியவை ஆணிகள். கித்தானை மரச்சட்டத்தில் இழுத்து அறையப் பயன்படும் செப்பு ஆணிகள், இரும்பு ஆணிகள். அவற்றில் சில 19-ஆம் நூற்றாண்டுக்குப் பின் வழக்கொழிந்த வகை. ஒரு கிராமத்து அடுப்புக்குள் அவை எப்படி வந்தன? மோனேயின் இரண்டும் பிக்காசோவின் ஒன்றும் காகிதத்தில் வரைந்தவை. எரிந்திருந்தால் அவற்றில் அடையாளம் எதுவும் மிஞ்சியிருக்காது.

பிறகு நீதிமன்றத்தில் ஓல்கா வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டார். எரிக்கவே இல்லை என்றார். எது உண்மையானாலும் அவர் நினைத்தது நடக்கவில்லை. ஓவியங்கள் கைக்கு வராமலே, 2013 நவம்பரில் ராடுவுக்கு 6 ஆண்டு 8 மாதச் சிறை விதிக்கப்பட்டது. திருடர்களுக்கு உதவியதாக ஓல்காவுக்கும் தண்டனை கிடைத்தது. பெற்ற மனம் பித்து என்று நாம் இரக்கப்படலாம். ஆனால் அந்த ஓவியங்களுக்கு அந்தப் பித்தே எமனாகியிருந்தால், அந்த இழப்பை யாராலும் ஈடுசெய்ய முடியாது.

இப்படி ஒரு தாய் இதற்கு முன்பும் இருந்தார். பிரான்சின் ஸ்டெஃபான் பிரைட்வீசர் 1995 முதல் 2001 வரை ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் 200-க்கும் மேற்பட்ட கலைப்பொருட்களைத் திருடியவர். விற்பதற்காக அல்ல, அழகின் மேல் கொண்ட வெறியில். எல்லாவற்றையும் தாய் வீட்டு மாடி அறையில் குவித்துவைத்திருந்தார். சுவிட்சர்லாந்தில் அவர் கைதானதும், தாய் பல பொருட்களைக் கால்வாயில் வீசினார். பழைய ஓவியங்களை வெட்டிக் குப்பையில் போட்டார். கால்வாயில் விழுந்தவற்றில் பல மீட்கப்பட்டன; ஓவியங்கள் பெரும்பாலும் போனவைதான். அந்தத் தாயும் சிறை சென்றார்.

ராட்டர்டாம் ஓவியங்கள் பிழைத்திருக்கும் என்ற நம்பிக்கை 2018-இல் ஒருமுறை துளிர்த்தது. நெதர்லாந்தில் வாழும் ருமேனிய எழுத்தாளர் மீரா ஃபெடிக்குவுக்கு வந்த பெயரில்லாக் கடிதம் ஒரு மரத்தடியைக் காட்டியது. அங்கே தோண்டியபோது பிக்காசோவின் அந்த ஹார்லிக்வின் முகமே கையில் வந்தது. சில நாட்களில் குட்டு உடைந்தது: போலி ஓவியம் பற்றிய தங்கள் நாடகத்துக்காகப் பெல்ஜியக் கலைஞர்கள் இருவர் புதைத்துவைத்த நகல் அது. ஏழில் ஓர் அசல்கூட இதுவரை மீளவில்லை.