“முட்டி வலிக்கு ஒரு செட் குடுங்க!”

மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கி முடிந்த வாரங்களில் சிங்கவரம், மேலச்சேரி கிராமங்களின் பக்கத்திலிருந்து வரும் முதியவர்களில் பலர் ஒரே நிலையில் வருகிறார்கள். இரண்டு காலும் வீங்கியிருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்தே கழித்துவிட்டு, மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வரும். முட்டி வலிக்கென்று மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல், பெயர் தெரியாமல் வாங்கிய ‘செட்’ மாத்திரை.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற ஒரு வலி மாத்திரை, ஒரு ஸ்டீராய்டு, ஒரு கேஸ் மாத்திரை. முதல் இரண்டுமே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குபவை. ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே பலவீனமான இதயம் அந்தச் சுமையைத் தாங்காது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரை மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும் 2004-ல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்பிரின் தவிர்த்த, டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்த மற்ற வலி மாத்திரைகளுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது: பயன்படுத்தத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே ஆபத்து வரலாம்.

கேட்டுக் கேட்டுச் சலித்தவை

“பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும், அதான் நிறுத்திட்டேன்.” இதைச் சொல்பவர்தான் வலி மாத்திரையை மிட்டாய்போல வாங்குகிறார். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தமும் அந்த வலி மாத்திரையும்தான். எனலாப்ரில் அல்லது டெல்மிசார்ட்டனோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர், அதன் மேல் வலி மாத்திரையும் போட்டால் சில நாட்களிலேயே சிறுநீரகம் முடங்கலாம்.

“பிரஷர் நார்மலாயிடுச்சு, இனி எதுக்கு?” மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல். அட்டினலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம்.

“ரெண்டு நாளைக்குத்தானே.” புரட்டாசி சனிக்கிழமை சிங்கவரம் ரங்கநாதரைப் பார்க்க மலைப்படி ஏறணும் என்று காலையிலேயே ஒரு செட் போட்டுக்கொள்ளும் பாட்டிகள் உண்டு. முட்டி வலி அடங்கும். இதயத்தின் சுமை அடங்காது.

“நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவு கிடையாது.” அதிமதுரத்தை இருமலுக்கென்று வாரக்கணக்கில் கஷாயமாகக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், இதயத்துடிப்பே தாறுமாறாகும். இதய நோய்க்கு டிகாக்சின் சாப்பிடுபவருக்கு அது இன்னும் ஆபத்து.

“பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்லா கேட்டுச்சாம்.” அந்த அக்காவின் வயதும் சிறுநீரகமும் உங்களுக்கு இல்லையே!

புத்தி தடுமாறினால் வயதைக் குறை சொல்லாதீர்கள்

“அப்பாவுக்கு நேத்திலேர்ந்து பேச்சு குழறுது, வயசாயிடுச்சு” என்கிறார்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவருக்கு ஒரே ராத்திரியில் வயதாகிவிடுமா? சளிக்கு வாங்கிய சிபிஎம் மாத்திரையே முதியவருக்குக் குழப்பத்தையும் நீர்க்கடுப்பையும் தரும். சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. தலைசுற்றலுக்கான சின்னாரிசினை மாதக்கணக்கில் தொடர்ந்தால் கை நடுக்கம், நடை தளர்ச்சி வரும். அதைப் பார்க்கின்சன் நோய் என்று நினைத்து, அதற்கு இன்னொரு மாத்திரை தொடங்கிய கதைகளும் உண்டு. தூக்க மாத்திரை வயதான உடம்பில் பகலிலும் தங்கிவிடும். விடியற்காலையில் எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டவருக்குச் சர்க்கரை இறங்கினால், பார்ப்பதற்குப் பக்கவாதம்போலவே இருக்கும்.

இப்படித் திடீரெனப் புத்தி தடுமாறினால் செய்ய வேண்டிய பரிசோதனைகள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், ஈசிஜி.

கெஞ்சிக் கேட்கிறேன்

மருந்துக்கடைக்காரத் தம்பிகளே, அட்டவணை எச் மருந்துகளைச் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளே, போனில் “சாப்டீங்களா” என்று கேட்கும்போது “என்ன மாத்திரை போட்டீங்க” என்றும் கேளுங்கள். 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண்ணிடம், கடையில் வாங்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அம்மா.

வலி என்றால் ஒத்தடம் கொடுங்கள், மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போடுங்கள். மாதக்கணக்கில் செட் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அதிலிருக்கும் ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதற்கு மருத்துவரிடம் வரத்தான் வேண்டும். கால் வீங்கி மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை, சூரணம், சிரப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, ஒன்றையும் ஒளிக்காதீர்கள்.